குளியலறைக் குழாய்கள்: எந்தப் பிளாஸ்டிக், எந்த இடத்தில்?

"கூழானாலும் குளித்துக் குடி" என்பது நம் முன்னோர் வாக்கு. விடியலில் பால்வெட்டச் சென்று, வியர்வையோடும் பால் வாடையோடும் வீடு திரும்பும் தோட்டப் பாட்டாளிக்குக் குளியல் ஆடம்பரமன்று. உடல்நலத்திற்கு இன்றியமையாத தேவை. பொதுக் குழாயடியிலும் கிணற்றடியிலும் வாளியோடு காத்திருந்த காலம் மாறி, ரெம்பாவ் வட்டாரத் தோட்ட வீடுகளிலும் ஷவர் குழாய்கள் இடம்பெறலாயின. துருப்பிடிக்கும் இரும்புக் குழாயின் இடத்தைப் பிளாஸ்டிக் குழாய் பிடித்துக்கொண்டது. 'இதனால் நீரில் நஞ்சு கலக்காதா?' என்னும் ஐயம் எழுவது இயல்பே.

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளன்று. அதில் பல வகைகள் உண்டு. ஏற்ற வகையை ஏற்ற இடத்தில் பொருத்தினால் அஞ்ச வேண்டியதில்லை. இடம் மாறும்போதுதான் இடர் நேர்கிறது.

குளிர்ந்த நீருக்குப் பெரிதும் பயன்படுவது கெட்டியான பி.வி.சி. குழாய். வளையும் குழாயில் சேர்க்கப்படும் மென்மையூட்டும் இரசாயனம் இதில் இல்லை. முற்காலத்தில் இதனைத் தயாரிக்கையில் ஈயச் சேர்மங்கள் கலக்கப்பட்டதுண்டு. ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் 2015ஆம் ஆண்டு இறுதிக்குள் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். குடிநீரில் ஈயம் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆகவே, விலை மலிவை மட்டும் நோக்காமல், சிரிம் சான்று முத்திரையும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் அங்கீகாரமும் பெற்ற குழாயையே நாம் கேட்டு வாங்க வேண்டும்.

வெயிலில் கிடக்கும் பி.வி.சி. குழாய் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடையும். அதனை மண்ணில் புதைத்தோ நிழலில் அமைத்தோ காக்க வேண்டும். கறுப்புப் பாலிஎத்திலீன் குழாய் வெயிலைத் தாங்கும். டயர் ரப்பரில் சேர்ப்பது போன்றே அதிலும் கரித்தூள் சேர்க்கப்படுகிறது.

சுடுநீர் வேறு கதை. சாதாரண பி.வி.சி. குழாய் 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நெகிழ்ந்து, இணைப்புகளில் கசியக்கூடும். சூரிய வெப்பச் சூடேற்றியின் நீர் அவ்வளவையும் கடக்க வல்லது. அங்கே சுடுநீருக்கென்றே தயாரிக்கப்பட்ட பாலிபுரோப்பிலீன் அல்லது சி.பி.வி.சி. குழாயே பொருந்தும்.

உயிரோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது. முன்பு இரும்புக் குழாயோடு எர்த் கம்பியை இணைத்திருந்த வீட்டில், குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றியதும் அந்தப் பாதுகாப்பு அறுந்துபோகும். எனவே மின் சூடேற்றிக்குத் தனி எர்த் கம்பி வேண்டும். தரை ஈரமாகும் இடங்களில் 10 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டுமென 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள் கூறுகின்றன. இவ்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

குழாயில் தேங்கும் நீரும் கவனத்திற்குரியது. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வெளிப்பட்ட லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர், வெதுவெதுப்பான தேங்குநீரில் பெருகி, நீர்த்துளிகளோடு நுரையீரலை அடைந்து நோய் தரும். தீபாவளி விடுமுறைக்குச் சென்று திரும்பினால், சன்னலைத் திறந்து வைத்து, நீரைச் சில நிமிடம் ஓடவிட்ட பின்னரே குளிக்க வேண்டும். ஷவர் தலையை அவ்வப்போது கழற்றித் தேய்த்துக் கழுவுதல் நலம்.

குழாய் நீர் தடைப்படும் நாள்களில், ஃபார்மிக் அமிலமோ களைக்கொல்லியோ இருந்த பிளாஸ்டிக் பீப்பாயில் நீர் பிடித்து வைப்பது பெருந்தவறு. எத்தனை முறை கழுவினாலும் மருந்தின் எச்சம் முற்றிலும் நீங்கிவிடும் என நம்புவதற்கில்லை. குளிக்கவும் குடிக்கவும் புதிய பாத்திரமே வேண்டும்.

தொழிலாளர்க்குக் குடியிருப்பு வழங்கும் தோட்ட நிர்வாகம் போதிய குழாய் நீரை இலவசமாக அளிக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் விதிக்கும் கடமை. குழாய் வெடித்தாலும் நீர் நிறம் மாறினாலும் நாமே துணி சுற்றிச் சமாளிக்காமல், உடனே நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவிப்போம். கேட்டுப் பெறும் பழக்கமும் பார்த்து வாங்கும் பழக்கமும் நம் குடும்பத்தைக் காக்கும்.