மணலில் நன்னீர், களிமண்ணில் உப்பு

வடக்கிலிருந்து நேரே இறங்கி வரும் சோழமண்டலக் கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த முனைக்குச் சற்று வடக்கே இருக்கும் சிறிய ஊர் வேதாரண்யம். ஒரு பக்கம் முல்லைத் தோட்டமும் மாந்தோப்பும், சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் கண்ணைக் கூசவைக்கும் உப்பளம். இத்தனை அருகே இரண்டும் எப்படி?

உப்புக்குக் காரணம் களிமண். ஊருக்குத் தெற்கே தொடங்கி முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீளும் சதுப்பின் தரை, நீரைக் கீழே விடாது. கோடையில் அங்கே நீர் வற்ற, யாரும் காய்ச்சாமலே உப்பு படியும். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜியோடு நடந்து வந்த உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் இந்தப் பக்கத்து அகஸ்தியம்பள்ளியில்தான் உப்பு அள்ளினார்கள்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு. சமையல் உப்பு அதில் 27 கிராம்தான். வெயில் அதைப் பிரித்துக் கொடுக்கும் விதம் அற்புதமானது. நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிச் சுண்டவிட்டால், முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் அடியில் தங்கிவிடும். பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆவியான பிறகே உப்பு பூக்கத் தொடங்குகிறது. அப்போது விடாமல் கவனிக்க வேண்டும். அளவுக்கு மீறிச் சுண்டினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கைக்கும். அதற்குள் மிஞ்சிய நீரை வடித்துவிட்டு, பலகையால் வாரிக் குவிக்கிறார்கள். வெறும் கண்ணாலும் கைப்பழக்கத்தாலும் அந்தப் பதத்தைப் பிடிப்பவர்களை வேதியியல் அறிந்தவர்கள் என்றே சொல்வேன். செறிந்த பாத்திகள் சில சமயம் இளஞ்சிவப்பாகும். உப்பில் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. அந்த நிறமிகள் நுண்ணுயிர்களைத் தின்னும் உப்பிறால் வழியாகவும் பூநாரையின் சிறகில் ஏறுகின்றன.

தோட்டங்கள் இருப்பதோ பழைய கடற்கரைகள் விட்டுச்சென்ற மணல்மேடுகளில். மணல் மழையை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் கனமானது என்பதால், மணலுக்குள் நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை அது இறங்கி நிற்கும் என்பது கணக்கு. கோடியக்கரைக் காட்டில் வெளிமான்கள் குடிக்கும் குட்டைகளும் மழை தந்தவையே.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் பாத்திகள் கரைந்து, உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலை நின்றுபோகிறது. அதே மழைதான் முல்லைக்கு ஆண்டு முழுவதற்குமான நீரை மணலில் சேர்க்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் இரு தரப்பையும் விட்டுவைக்கவில்லை. மா, தென்னைகள் சாய்ந்தன, உப்பளங்களில் சேறு ஏறியது. புயலை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் மணலிலிருந்து நன்னீரை இறைக்கும் ஆழ்குழாய்களின் கணக்கு நம் கையில் இருக்கிறது: மேலே நன்னீர் மட்டம் 1 மீட்டர் குறைந்தால், கீழிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 மீட்டர் வரை ஏறிவரக்கூடும்.