புதிய இதயம், பழைய உடல்

திருகோணமலையைப் பற்றி எழுதப் புகுவோர் கோணமாமலையின் உயரத்தையும் துறைமுகத்தின் ஆழத்தையும் வியந்துவிட்டு அமைதியடைவதே வழக்கம். இத்துறைமுகக் கரையில் வாழும் மக்களுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள நெடுநாள் உறவைப் பற்றி எழுதுவோர் அரியர். பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை 1957ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 15ஆம் நாள் இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றது. கப்பல்கள் போயின, ஆனால் தளத்திலே பழகிய கைகளின் திறமை அவற்றோடு போய்விடவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த அந்தத் திறமை மீன்பிடி வள்ளத்தின் எஞ்சினிலும், சீனன்குடாவுக்கு ஓடும் லொறியிலும், துறைமுகத்தை அடுத்த சிறு கராஜுகளிலும் இன்றும் உயிர்வாழ்கிறது.

அத்தகைய கராஜ் ஒன்றிலே நடைபெற்ற முயற்சியொன்றை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நண்பர் ஒருவரிடம் இருவர் மட்டும் அமரக்கூடிய, மேற்கூரையற்ற பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. அதன் உடல் உறுதியாயிருந்தது, எஞ்சின்தான் தேய்ந்துபோயிற்று. மூல உதிரிப்பாகங்களுக்குக் கொடுக்கும் விலைக்குப் பாவித்த ஜப்பானிய எஞ்சின் ஒன்றைக் கியர்ப் பெட்டியோடு வாங்கிவிடலாம் என்று கணக்குப் பார்த்தார், அவ்வாறே வாங்கினார். பழைய எஞ்சின் தன் இளமையில் ஏறத்தாழ 60 குதிரைவலு தந்தது. வந்து சேர்ந்ததோ நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைவலுவுடையது. அவருக்குத் துணைநின்றவர் முதிய மெக்கானிக் ஒருவர்; அவருடைய தந்தையார் கடற்படைத் தளத்திலே பிற்றராக வேலைபார்த்தவர். பொழுதுபோக்காகப் பந்தயமோடுவோருக்கான போட்டிகளில் அந்த வண்டியை ஓட்டிச் சோதித்துச் சீராக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். நேரம் குறிக்கும் கடிகாரமும் குறிப்புப் புத்தகமும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டன.

எஞ்சினை மாற்றுவது என்றால் எரிந்துபோன மின்குமிழை மாற்றுவதுபோல என்று சிலர் எண்ணக்கூடும். அது அப்படியன்று. நம் மீனவரைக் கேட்டுப் பாருங்கள். சிறிய வள்ளத்தின் பின்புறத்திலே பெரிய எஞ்சினைப் பூட்டினால் வள்ளத்தின் பின்பக்கம் தாழும். முன்பக்கம் வானம் பார்க்கும். எஞ்சினுக்குப் பொருந்தாத விசிறியைப் பூட்டினால் எண்ணெய் எரியுமேயன்றி வள்ளம் விரையாது. காருக்கும் இதுவே விதி. எடை கூடிய எஞ்சின் முன்பக்கத்து வில்களை அமுக்கும். வளைவிலே திசை திருப்பினாலும் வண்டியின் மூக்கு வெளிப்புறமாகவே இழுத்துச் செல்லும். கூடுதல் வலு கூடுதல் வெப்பத்தைப் பிறப்பிக்கும். பழைய ரேடியேட்டர் அதனைத் தாங்காது. பழைய எஞ்சினின் இழுவைக்கென அளந்து செய்த பின் அச்சின் பற்சக்கரங்கள் புதிய இழுவையில் நொறுங்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரேக் இருக்கிறது. வேகம் இருமடங்கானால் வண்டியை நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் இருமடங்கு அன்று, நான்கு மடங்கு. எஞ்சினை மாற்றியவர் உண்மையில் வண்டி முழுவதையும் மாற்றுவதாக உறுதிபூண்டவர் ஆகிறார். அதனை அறிந்து செய்வோர் சிலர், அறியாமற் செய்வோர் பலர்.

உலகப் புகழ்பெற்ற மோட்டார் வரலாற்றிலும் இந்த உண்மை பொறிக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் சிட்னி அலார்ட் என்பார் தாம் கட்டிய வண்டிகளில் அமெரிக்க எஞ்சின்களைப் பொருத்துவதில் வல்லவர். 1950ஆம் ஆண்டு பிரான்சிலே லெமான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தில், கடிலாக் எஞ்சின் பூட்டிய தமது காரை டொம் கோலுடன் மாறிமாறி ஓட்டி மூன்றாம் இடம் பெற்றார். கடிலாக் எஞ்சின் சலிக்கவில்லை. ஆனால் கியர்ப் பெட்டி நடுவழியிலே தளர்ந்துவிட்டது. கீழ்க் கியர்களை இழந்து, மேற் கியர் ஒன்றையே நம்பி அவர்கள் ஓடி முடித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1962இல், அமெரிக்கரான கரோல் ஷெல்பி ஆங்கிலேய ஏ.சி. காரில் போர்டு நிறுவனத்தின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார். 'கோப்ரா' என்று உலகம் கொண்டாடும் கார் அதுவே. பின்னர் 7 லீற்றர் கொள்ளளவுடைய எஞ்சினை அதற்கு அளிக்க விரும்பியபோது பழைய சட்டகம் போதாது என்று கண்டார்கள். 1965இல் வந்த அந்த வண்டிக்கெனப் புதிய சட்டகமே அமைக்க வேண்டியதாயிற்று.

வலுவைப் பெருக்கியவர்களின் கதை இது. எளிய எஞ்சினைக் கொண்டு பெருஞ் சாதனை புரிந்தவர்களின் கதை இன்னும் சுவையானது. சார்ல்ஸ் கூப்பர் என்ற தந்தையும் ஜோன் கூப்பர் என்ற மகனும் 1946இல் தமது கராஜிலே ஒரு பந்தய வண்டியைக் கட்டினார்கள். சிறிய பியட் கார்களின் முன்பகுதிகளை ஒட்டவைத்து, 500 கன சென்ரிமீற்றர் மோட்டார்ச் சைக்கிள் எஞ்சினைச் சாரதிக்குப் பின்னால் வைத்துச் சங்கிலியால் ஓட்டினார்கள். கவன்ட்ரி கிளைமாக்ஸ் என்ற நிறுவனமோ தீயணைப்புப் படையினர் தூக்கிச்செல்வதற்கென இலேசான நீர்ப்பம்பு எஞ்சின் ஒன்றைச் செய்தது. அதன் வலு 38 குதிரைகள். பந்தயப் பிரியர்கள் அதன் எடைக் குறைவைக் கண்டு காருக்கு ஏற்றதாக்கித் தருமாறு வேண்டினர். 1098 கன சென்ரிமீற்றர் அளவில் 70க்கு மேற்பட்ட குதிரைவலுவுடன் அது பந்தயத்துக்கு வந்தது. அதே நிறுவனம் பின்னர் செய்த எஞ்சினைப் பின்புறத்தே தாங்கிய கூப்பர் கார்களிலேதான் ஜாக் பிராபம் 1959இலும் 1960இலும் உலகச் சாம்பியன் ஆனார். தீயை அணைக்கப் பிறந்த குலம் பந்தயத் தீயை மூட்டியது.

நமக்கு அண்மையிலும் எடுத்துக்காட்டு உண்டு. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதைகள் பலவும் போர் முடிந்தபின் பந்தயக்காரரின் பள்ளிக்கூடங்களாயின. நம் நாட்டிலே களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தை ஓடுபாதையும், கடல் கடந்தால் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரமும் அவ்வாறானவை. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் பந்தயங்களால் சோழவரம் புகழ்பெற்றது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையிலே பந்தயத்துக்கெனவே தனிப் பாதை அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், சாதாரணக் குடும்பங்கள் ஓட்டும் மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் எஞ்சினை ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியிலே பொருத்தி, 1988இல் 'பார்முலா மாருதி' என்ற வகையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வலுவைக் காட்டுவது அவருடைய நோக்கமன்று. வசதி குறைந்த இளைஞரும் ஓட்டக்கூடிய, உடலும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று இசைந்த வண்டி வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். 1995இல் அவர் மறைந்தபோதும் அவர் காட்டிய வழி மறையவில்லை.

இனி நமது வண்டிக்கு வருவோம். பொது வீதியிலே வேகத்தைச் சோதிப்பது குற்றம்; அறிவுடையோர் செய்யும் காரியமுமன்று. சீனன்குடா ஓடுபாதையோ விமானப்படைக்கு உரியது. ஆதலால் ஓடுபாதைப் பந்தயம் ஒன்றின் பயிற்சி ஓட்டமே எங்களுக்குச் சோதனைக்களமாயிற்று. தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வண்டியை லொறியில் ஏற்றிச் சென்றோம். முதற் சுற்றிலேயே நேர்ப்பாதையில் வண்டி அம்பெனப் பாய்ந்ததைக் கண்டு கூடிநின்றோர் ஆரவாரித்தனர். என் கடிகாரம் மட்டும் வேறு செய்தி சொல்லிற்று: நேர்ப்பாதையில் சேமித்த நேரத்தை வண்டி வளைவுகளிலே செலவழித்துவிட்டது.

நான்காம் சுற்று முடிந்து வந்தபோது நண்பரின் முகத்தில் முன்னைய மகிழ்ச்சி இல்லை. பிரேக் மிதி வரவரக் கீழே இறங்குவதாகச் சொன்னார். சக்கரத்தருகே கையைக் கொண்டுபோன மெக்கானிக் அதனை உடனே இழுத்துக்கொண்டார். பழைய சிறிய பிரேக்குகள் புதிய வேகத்தை அடக்க முயன்று கொதித்துவிட்டன. அவற்றின் எண்ணெயும் சூடேறிக் குமிழிவிட்டது. "சற்று ஆறவிட்டுப் பிற்பகற் பந்தயத்தில் மெதுவாக ஓடலாமே, அண்ணை" என்றார் நண்பர். இவ்வளவு தூரம் வந்தவரின் ஆசை இயல்பானதே. முதியவர் தலையசைத்தார். "தம்பி, ஓடுறதை நான் பாத்துத் தாறன், நிக்கிறதை முதலிலை பாப்பம்" என்றார். பிறகு சாவியை எடுத்துத் தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். வண்டி ஓடாமலே ஊர் திரும்பியது. அந்த இரவுப் பயணத்தில் எவரும் அதிகம் பேசவில்லை.

அதன்பின் நடந்தவை ஆரவாரமற்றவை, ஆனால் பயனுள்ளவை. முன்சக்கரங்களுக்குப் பெரிய பிரேக் தட்டுகள் வந்தன. அதிக வெப்பம் தாங்கும் எண்ணெய் வந்தது. ரேடியேட்டர் பெரிதாயிற்று. எஞ்சினைச் சில அங்குலம் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். முன் வில்களை மாற்றினார்கள். ஒரு முறை ஒன்றையே மாற்றுவது, மாற்றியதை எழுதுவது, ஓட்டிப் பார்ப்பது, மீண்டும் எழுதுவது என்று முதியவர் ஒழுங்கு வகுத்தார். இரண்டை ஒருசேர மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று பிரம்மாவும் சொல்லமாட்டார் என்பது அவருடைய வாதம். டயரின் காற்றழுத்தம் முதல் அன்றைய வெயில் வரை எழுதி எழுதி என் குறிப்புப் புத்தகம் நிரம்பிற்று.

அடுத்து நுவரெலியாவிலே மலையேற்ற ஓட்டம். 1934 முதல் வரலாறு கொண்ட மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தால் அந்த மலைநகர் மோட்டார்ப் பிரியருக்கு நன்கு அறிமுகமானது. கடல்மட்டத்திலே சீராக்கப்பட்ட எங்கள் வண்டி அங்கே இருமியது. காரணம் எளிது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்களவு குறைகிறது. கார்புரேட்டரோ திருகோணமலைக் காற்றுக்கு அளந்த பெற்றோலையே ஊற்றிக்கொண்டிருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரியப்பிக் கிடந்தது. அது வெளுத்திருந்தால் பெற்றோல் குறைவு, கறுத்திருந்தால் மிகுதி, இளம் பழுப்பாயிருந்தால் நலம். நாக்கைப் பார்த்து நோயறியும் பரிகாரியைப்போல முதியவர் அதனை நோக்கிச் சிறிய துளையுடைய ஜெட்டுகளைப் பொருத்தினார். இருமல் நின்றது. அன்று கிண்ணம் எதுவும் கிடைக்கவில்லை; பட்டியலின் நடுப்பகுதியிலே பெயர் வந்தது. ஆயினும் ஒவ்வோர் ஓட்டமும் முன்னைய ஓட்டத்தினும் விரைவாக முடிந்தது. ஒவ்வொரு முறையும் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

இதனை ஒரு சிலரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் நாள் தியத்தலாவையில் நடைபெற்ற பொக்ஸ்ஹில் பந்தயத்திலே கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் மீது பாய்ந்தது. ஏழு உயிர்கள் போயின. அவற்றுள் ஒன்று எட்டு வயதுச் சிறுமியின் உயிர். விபத்துக்குக் காரணங்கள் பல இருக்கும். தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. ஆனால் பந்தயப் பாதைக்கு வண்டியை எடுத்துச் செல்லும் ஒவ்வொருவரும் தம் உயிரை மட்டுமன்றி, வேலிக்கு அப்பால் நிற்கும் குழந்தையின் உயிரையும் ஏற்றிச் செல்கிறார்கள் என்பதை அந்த நாள் நமக்கு உணர்த்திற்று. பயிற்சி ஓட்டம் என்பது திருவிழாவுக்கு முந்திய வேடிக்கையன்று. தேறாத வண்டியைத் தேறவில்லை என்று சொல்லும் பரீட்சை அது.

கிண்ணம் வென்றவர்களின் பெயர்களைப் பத்திரிகைகள் வெளியிடுகின்றன. ஓட வேண்டிய வேளையிலே ஓடாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவர்களின் பெயர்களை எவரும் வெளியிடுவதில்லை. வலுவைக் காசு கொடுத்து வாங்கலாம். அந்த வலுவைத் தாங்கும் உடலைப் பொறுமையினாலேதான் கட்ட வேண்டும். இதயம் எவ்வளவு பெரிதாயினும், அதனை அடக்கும் கால் ஒன்று வேண்டும். 'இன்று வேண்டாம்' என்று சொல்ல வாய் ஒன்றும் வேண்டும்.