பட்டாளத்திலிருந்து பொறியியல் கல்லூரிக்கு



போர்வீரர் பொறியாளராவது நம் கம்பம் பள்ளத்தாக்கிற்குப் புதிய செய்தியன்று. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக், படையின் பொறியியல் பிரிவைச் சேர்ந்தவர். மேற்கே பாய்ந்து கடலில் கலந்த ஆற்று நீரைத் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பினார். 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் நிறைவெய்தியது. மறு ஆண்டே அவர் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவரானார்.

ஆயினும், அவருக்குப் பொறியியலைக் கற்பித்தது படையே. படையை விட்டு வந்தபின், மனைவி மக்களோடு அக்கல்வியைத் தொடங்குபவர் நிலை வேறு. அதனையே இன்று விளக்க விழைகிறேன்.

என் பழைய மாணவர் ஒருவர் 17 ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றி ஊர் திரும்பினார். "ஐயா, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகு பொறியியல் படிக்கலாமா?" என்று வினவினார். உடனே விடை கூறாமல், மூன்று செய்திகளை எண்ணிப் பார்க்கச் சொன்னேன்.

முதலாவது, பொருள். சிப்பாய்க்கு ஓய்வூதியம் பெற 15 ஆண்டுப் பணி வேண்டும். அவர் அவ்வெல்லையைக் கடந்தவர். ஆதலின் வீட்டில் அடுப்பெரியும். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்காண்டுகளோடு பணி முடிவோர்க்கு ஓய்வூதியம் இல்லை. ஒருமுறை வழங்கும் சேவை நிதியே உண்டு. அதில் கல்விக்குரிய பங்கை அவர்கள் முதலிலேயே ஒதுக்கிவிடல் வேண்டும்.

இரண்டாவது, நுழையும் வழி. பட்டயப் படிப்பு முடித்தவர் பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம்; ஓராண்டு மிச்சமாகும். இவர் பட்டாளத்திற்குப் போகுமுன்னரே பட்டயம் பெற்றிருந்தார்.

மூன்றாவது, இல்லத்தார் இசைவு. அவர் மனைவி, "இனி மூன்று பேருக்குச் சோறு கட்டி அனுப்புகிறேன்" என்று நகைத்தார். அந்நகைப்பின் பின்னிருந்த சுமையை நான் அறிவேன். தோட்டத்தையும் வீட்டையும் மூன்று ஆண்டுகள் அவரே தாங்கினார்.

கணிதத்தைப் பற்றி எச்சரிக்க நான் தவறிவிட்டேன். படைக் கட்டுப்பாடு போதுமென்று எண்ணியது என் பிழை. முதல் தேர்விலேயே அவர் கணிதத்தில் தோற்றார். படிப்பை விட்டுவிடவும் துணிந்தார். "மகளின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள்" என்றேன். வெட்கத்தை விட்டு, இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் அடியிலிருந்து தொடங்கினார். விடியற்காலை நான்கு மணிக்குத் தந்தையும் மகளும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்தனர். ஐயம் வந்தபோது தந்தை மகளைக் கேட்டார். இரண்டாம் முறை தேறினார். பின்னர்ப் பட்டமும் பெற்றார்.

உலகிலும் இதற்குச் சான்றுண்டு. அமெரிக்கா 1944-இல் இயற்றிய சட்டத்தின் உதவியால், போரிலிருந்து திரும்பிய வீரர்களுள் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிகளில் பயின்றனர். அவர்களுள் குடும்பத்தினர் பலர். அவர்களுக்கென்று கல்லூரிகள் குடியிருப்புகளும் அமைத்தன.

மாணவர்களே, உங்கள் வகுப்பில் நரை தொடங்கிய ஒருவர் வந்தமர்ந்தால் நகையாதீர்கள். உங்கள் கணிதக் குறிப்பேட்டை அவருக்குக் கொடுங்கள். அவர் தேறும் நாளில் ஒரு குடும்பமே தேறுகிறது.