ஊகம்: ஒரு சொல், பல பொருள்

வறண்ட மேட்டு நிலங்களில் வளர்ந்து, துடைப்பம் கட்ட உதவும் ஒரு வகைப் புல்லுக்கு ஊகம்புல் என்று பெயர். பழந்தமிழில் கருங்குரங்கையும் ஊகம் என்றனர். இன்று ஊகம் என்றால், கண்டதை வைத்துக் காணாததைக் கணிப்பது என்றே பொருள் கொள்கிறோம். ஆங்கிலத்தில் இதனை 'ஸ்பெக்குலேஷன்' என்பர். காவல் கோபுரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு உறவுடையது அது. கொல்லையில் பரண்மீது நிற்பவருக்கு, கீழே நிற்பவரைவிட முன்னதாகவே வருவது தெரியும். உயரத்திலிருந்து கவனிப்பது என்ற அந்தப் பொருள், சிந்தித்துக் கணிப்பது என்றும், பிறகு விலை ஏறும் அல்லது இறங்கும் என்று கணித்துப் பணம் போடுவது என்றும் விரிந்தது.

நெய்வேலி நகரியத்தைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகளுக்கு இந்தப் பொருள்கள் யாவும் நடைமுறையில் தொடர்புடையவை. எந்த ஊகத்தை நம்பலாம், எதற்கு விலை கேட்க வேண்டும், எதை விலக்க வேண்டும் என்று பிரித்தறிவது பயன் தரும்.

சோதிக்கப்பட்ட ஊகம்

1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது, கருநிறப் பொருள் வெளிவந்தது. அது எரியக்கூடிய கரி என்பது அன்று ஊகமே. பல இடங்களில் துளையிட்டு ஆராய்ந்த பின்னரே படிவத்தின் பரப்பும் ஆழமும் உறுதியாயின. 1956-ல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957-ல் சுரங்கப் பணி ஆரம்பமாகி, 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரிப் படிவத்தை எட்டினர்.

விவசாயிக்கும் இதே முறைதான் ஏற்றது. பயிரின் இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்று ஊகிக்கலாம். ஆனால் இரும்புச் சத்துக் குறைவாகவோ, வேரில் நீர் தேங்கியதாகவோ இருக்கவும் கூடும். மண்ணைப் பரிசோதிக்காமல் யூரியா மூட்டையை அவிழ்ப்பது, சோதிக்காத ஊகத்துக்குக் காசு செலவழிப்பதாகும்.

தோப்பில் நடக்கும் ஊகம்

முந்திரி பெரும்பாலும் தை, மாசியில் பூத்து, பங்குனி, சித்திரையில் பலன் தருகிறது. பூப் பருவத்திலேயே தோப்பைக் குத்தகைக்கு விடும் வழக்கம் பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்தில் உண்டு. பூவைப் பார்த்து விளைச்சலையும் வரப்போகும் விலையையும் வியாபாரி கணிக்கிறார். இதுவும் ஊக வணிகமே. இதில் தவறில்லை, ஆனால் விவசாயியும் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஏக்கர் தோப்பில் கடந்த 5 ஆண்டுகளில் 4, 3, 5, 1, 4 மூட்டை கொட்டை கிடைத்ததாகக் கொள்வோம். மொத்தம் 17 மூட்டை, சராசரி 3.4 மூட்டை. மூட்டை 10,000 ரூபாய் என்றால் சராசரி வரவு 34,000 ரூபாய். மருந்தடிப்பு, காவல், பொறுக்கும் கூலி ஆகியவற்றுக்கு 9,000 ரூபாய் கழித்தால் மீதி 25,000 ரூபாய். வியாபாரி 15,000 ரூபாய் குத்தகை தந்தால், இடைப்பட்ட 10,000 ரூபாய் அவர் ஏற்கும் ஆபத்துக்கும், முன்கூட்டியே பணம் தருவதற்கும் விவசாயி கொடுக்கும் விலையாகும். ஒரே மூட்டை கிடைத்த ஆண்டைப் பார்த்தால் குத்தகை இலாபம். 5 மூட்டை ஆண்டைப் பார்த்தால் நட்டம். கடன் நெருக்கடி இல்லாதவர் பாதித் தோப்பைக் குத்தகைக்கு விட்டு, மறுபாதியைத் தாமே பராமரிக்கலாம்.

2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் கடலூர் மாவட்டத்து முந்திரியும் பலாவும் பெருமளவில் சாய்ந்தன. பூவைக் குத்தகை எடுத்தவருக்கு இத்தகைய புயலால் நேரும் நட்டம் ஒரு பருவ விளைச்சல்தான். விவசாயிக்கோ மரமே போய்விடுகிறது. ஒட்டுக் கன்று நட்டாலும் மீண்டும் பலன் காணச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே மருந்தடிப்பது யார், புயல் வந்தால் முன்பணம் என்னாகும், தோப்பை எந்தத் தேதியில் ஒப்படைப்பது என்பவற்றை எழுத்தில் எழுதி, இருவரும் கையொப்பமிடுவது நல்லது.

கைமாறாத சரக்கு

பொருள் உண்மையில் கைமாறாமல், விலை வித்தியாசத்தை மட்டும் கொடுத்து வாங்கி முடிக்கும் பேரத்தையே 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் ஊக பேரம் என்று வரையறுத்தது. முன்பேர வணிகச் சந்தைகளில் இது மிகுதி. அறுவடைக்கு முன்பே விலையை உறுதி செய்துகொள்ள விரும்புவோருக்கு இச்சந்தை உதவும். ஆனால் சரக்கு இல்லாதவர் விலையேற்றத்தை மட்டும் நம்பி இறங்கினால் அது சூதாட்டத்தை ஒத்துவிடும். 2015-ல் இச்சந்தைகளின் கண்காணிப்பு செபியிடம் வந்தது. 2021 டிசம்பரில் 7 விளைபொருள்களின் முன்பேர வணிகத்தை செபி நிறுத்தி வைத்தது. பாசுமதி அல்லாத நெல்லும் அவற்றுள் ஒன்று.

நிலத்தின் மீது ஊகம்

சுரங்கமோ சாலையோ வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினால், நிலம் கேட்டு வெளியாட்கள் வருவதுண்டு. வாங்குபவருக்கு ஏதோ தெரிந்திருக்கலாம். அல்லது அவரும் ஊகிக்கலாம். அவசரப்பட்டு முன்பணம் வாங்கும் முன், அறிவிப்பு ஏதும் வெளியாகியுள்ளதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவதும் கெடுதல். 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, அக்கம்பக்க நிலங்களின் பதிவான விலையும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்கிறது. ஒருவர் குறைத்து எழுதுவது ஊராரின் இழப்பீட்டையே பாதிக்கக்கூடும்.

2023 ஜூலையில் பரவனாற்றுக் கால்வாய்ப் பணிக்காக, வளையமாதேவிப் பகுதியில் நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. அவை முன்பே கையகப்படுத்தப்பட்டவை. ஆயினும் சாகுபடி நடந்து வந்தது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கையகப்படுத்திய நிலம் எப்போது எடுத்துக்கொள்ளப்படும் என்பது எழுத்தில் தெரியாதவரை, அங்கு ஒவ்வொரு போகமும் ஊகத்தின் மேல் விதைத்ததாகிறது. எனவே இத்தகைய நிலத்தில் விதைக்கும் முன், இந்தப் போகம் அறுவடையாகும்வரை விடப்படுமா என்று எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெற முயல வேண்டும்.

ஊகமின்றி வேளாண்மை இல்லை. மழையை எதிர்பார்த்து விதைப்பதே ஊகம்தான். எனினும், தவறினால் எவ்வளவு போகும், அது யார் தலையில் விழும் என்ற இரண்டையும் கேட்ட பிறகே கையொப்பமிட வேண்டும். 5 ஆண்டு விளைச்சலையும் செலவையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பவர், வியாபாரிக்குச் சமமாக உட்கார்ந்து பேச முடியும். அந்த நோட்டே அவருக்குப் பரண்.