பஸ் வரும் வரை

கல்லூரி வாசல் – 11

முதல் செமஸ்டர் முடிவு வந்த மறுவாரம், எங்கள் இயற்பியல் துறையின் முதலாண்டு மாணவி ஒருத்தி சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். செஞ்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா கொத்தனார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அவள்தான்.

"மேடம், ரெண்டாவது செமஸ்டருக்கு டைம்டேபிள் போட்டிருக்கேன். பாத்துச் சொல்றீங்களா?"

மேசையில் விரித்தாள். கட்டம் கட்டி, நாலு கலரில் எழுதியிருந்தாள். விடிகாலை 4 மணி முதல் 5.30 வரை கணிதம். பிறகு ஒரு மணி நேரம் வெப்பவியல். இரவு 8 மணி முதல் 11 வரை மற்ற பாடங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அரியர் பேப்பர். இருபது வருடங்களாக ஒவ்வொரு ஜனவரியிலும் இப்படி ஒரு தாளைப் பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே பிள்ளைகளிடம் "நாலு மணிக்கு எழுந்து படி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் வீட்டில் நாலு மணிக்கு என்ன நடக்கிறது என்று அப்போது நான் கேட்டதில்லை. இவளிடம் கேட்டேன்.

"அஞ்சு மணிக்குத் தெருக்குழாய்ல தண்ணி வரும் மேடம். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவாங்க. தண்ணி புடிச்சு, சோறு வடிச்சு வச்சிட்டு 7.20 பஸ்ஸப் புடிக்கணும்."

"ராத்திரி?"

"படுக்கப் பதினொன்னாயிடும்."

பதினெட்டு வயது உடம்புக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். இந்த அட்டவணைப்படி நடந்தால் அவளுக்கு ஐந்து மணி நேரம்தான் மிஞ்சும். ஒரு வாரம் தாக்குப்பிடிப்பாள். எட்டாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிப்போவாள். அன்றைக்கு "நான் சோம்பேறி, எனக்குப் படிப்பு வராது" என்று தன்னைப் பற்றியே ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்வாள். எனக்குக் கவலை அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான்.

தாளின் நடுவில் ஒரு கட்டத்துக்கு மட்டும் கலர் அடிக்கவில்லை. 3.00 – 4.40, பஸ்ஸுக்கு வெயிட்டிங்.

எங்களுக்கு வகுப்பு மூன்று மணிக்கு முடிந்துவிடும். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. அவள் ஊருக்குப் போகும் அந்த பஸ் 4.40க்குத்தான். நடுவில் இரண்டு வண்டிகள் போகின்றன, அவற்றில் டிக்கெட் எடுக்க வேண்டும். அதனால் அவளும் தோழிகளும் தினமும் ஒரு மணி நாற்பது நிமிடம் நிழற்குடையில் நிற்கிறார்கள். ஒரு நாளில் அவளை யாரும் எந்த வேலைக்கும் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான். அதைத்தான் அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

"இதுலதாம்மா உன் செமஸ்டர் இருக்கு" என்றேன்.

அடுத்து மதிப்பெண்களைப் பார்த்தோம். தமிழில் நன்றாக எழுதியிருந்தாள். மேஜர் பேப்பரில் மயிரிழையில் தேறியிருந்தாள். துணைப்பாடமான கணிதத்தில் 75க்கு 27. எழுத்துத் தேர்வில் 30 வேண்டும், மூன்று மதிப்பெண்ணில் அரியர். பிளஸ் டூவில் கணிதத்தில் 81 வாங்கியவள்.

பரப்பு இழுவிசை என்றால் என்ன என்று கேட்டேன். இலை மேல் நீர்த்துளி ஏன் உருண்டு நிற்கிறது என்பதிலிருந்து தொடங்கி, மூலக்கூறுகளின் இழுப்பு வரைக்கும் கடகடவென்று சொன்னாள். வகுப்பில் நான் நடத்தியதைவிடத் தெளிவாகவே இருந்தது. அப்படியானால் தேர்வில் அந்தக் கேள்வியை ஏன் விட்டாள்?

"சர்ஃபேஸ் டென்ஷன்னா அதுதான்னு பரிட்சை முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது மேடம்."

இதைக் கேட்டு எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் மீட்சிப் பண்பு, பாகுநிலை, நிலைமத் திருப்புத்திறன் என்று படித்துவிட்டு வரும் பிள்ளைகள், கல்லூரிக்குள் வந்ததும் இலாஸ்டிசிட்டி, விஸ்காசிட்டி, மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா என்று கேட்கிறார்கள். தெரிந்த ஆளை முகமூடியோடு பார்ப்பது போல. பாடம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஏற்கெனவே புரிந்ததையே புரியாமல் மனப்பாடம் செய்கிறார்கள். தமிழ்வழிப் பிள்ளைகளின் முதல் செமஸ்டர் சரிவில் பெரும்பகுதி இதனால்தான் என்பது என் அனுபவம். ஆசிரியர்களான நாங்கள் முதல் மாதத்திலேயே இதற்கு நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்காமல் விட்டது எங்கள் பிழை.

மருந்து எளியது. 2018ல் வந்த புதிய பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகம் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் ஒரே பாட வரிசையில் இருக்கிறது. அதே படங்கள், அதே சமன்பாடுகள். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாம் தொகுதியில் வெப்பமும் வெப்ப இயக்கவியலும் வருகிற பாடத்தை இரு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், கல்லூரி வெப்பவியலின் சொற்களில் பாதி பிடிபட்டுவிடும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம். கணிதத்துக்கும் இதே நோட்டுதான்.

அடுத்தது அன்றன்று பாடத்தைத் திரும்பப் பார்ப்பது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885ல் புத்தகமாக வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி நழுவிவிடுகிறது. 2006ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் மாணவர்களை இரண்டு விதமாகப் படிக்கவைத்துப் பார்த்தார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். வாசித்ததை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். நம் தேர்வுகள் வாரக்கணக்கில் கழித்துத்தான் வருகின்றன. ஆகவே அவளிடம் சொன்னேன்: மூன்று மணிக்கு லைப்ரரிக்குப் போ. நோட்டைத் திறக்காதே. வெறும் தாளில் அன்றைய வகுப்புகளில் நினைவிருப்பதை எழுது, தமிழிலேயே எழுது. பிறகு நோட்டைத் திறந்து விட்டதைச் சேர். 4.25க்குக் கிளம்பு. வீட்டுக்குப் போனபின் கணக்கு மட்டும் போடு, பத்து மணிக்குப் படுத்துவிடு.

"ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா மேடம்?"

நல்ல கேள்வி. லண்டனில் 96 பேரை வைத்து, ஒரு பழக்கம் யோசிக்காமல் வருவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். 2010ல் வெளியான அந்த ஆய்வில் இடைநிலை அளவு 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. விட்டுப்போகும் நாளுக்கும் ஒரு கணக்கு உண்டு: செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 விழுக்காடு வருகை என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். மீதி 22 நாளை லீவு என்று எண்ணிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. காய்ச்சலுக்கும் வீட்டுத் துக்கத்துக்கும் அதை வைத்திருக்கச் சொன்னேன்.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கில் வருகிறது. முழுவதையும் அம்மாவிடம் கொடுக்கிறாள். அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை. நூறு ரூபாய் மட்டும் ஜெராக்ஸுக்கும் நோட்டுக்கும் எடுத்துவைக்க அம்மாவிடம் கேட்டுப் பார் என்றேன். தலையாட்டினாள். கேட்டாளா என்று தெரியாது.

திங்கட்கிழமை செமஸ்டர் தொடங்கியது. செவ்வாய் காலை முதல் பீரியடுக்கு முன்னால் ஒரு தாளை நீட்டினாள். பதினோரு வரி. எட்டு தமிழில், மூன்று ஆங்கிலத்தில். தன்வெப்பத்துக்கு நேரே ஸ்பெசிஃபிக் ஹீட் என்று எழுதி, அடிக்கோடு இட்டிருந்தாள். ஏழாவது வரியில் ஒரு அலகு தவறு. திருத்திக் கொடுத்தேன்.

"மேடம், என் பஸ்ல வர்ற ரெண்டு பேரும் லைப்ரரிக்கு வரலாமான்னு கேக்கறாங்க. ஒருத்தி தாவரவியல்."

வரச் சொல் என்றேன். தாவரவியலுக்குப் பிளஸ் ஒன் ஆங்கிலவழிப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று பக்கத்துத் துறையில் விசாரிக்க வேண்டும்.

(தொடரும்)