பால் பல்லுக்கும் வேண்டும் பராமரிப்பு

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதம் முதல் பத்து மாதத்துக்குள் கீழ்த்தாடையின் நடுவில் முதல் இரண்டு பற்கள் முளைக்கின்றன. அடுத்து மேல் முன்பற்கள் வருகின்றன. ஒன்றேகால் வயதை ஒட்டி முதல் கடைவாய்ப் பற்கள், பிறகு கோரைப் பற்கள், இரண்டரை வயதுவாக்கில் இரண்டாம் கடைவாய்ப் பற்கள் என ஏறத்தாழ மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடும். ஆறு வயதில் அவை விழத் தொடங்கினாலும், கடைசிப் பால் பல் விழும்போது பிள்ளைக்கு 12 வயது ஆகியிருக்கும்.

‘எப்படியும் விழப்போகிற பல்தானே’ என்ற நினைப்புதான் பால் பல்லுக்கு முதல் எதிரி. மெல்லவும் பேச்சு திருந்தவும் இந்தப் பற்கள் தேவை. நிலைப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் இவைதான். ஒரு கடைவாய்ப் பால் பல்லை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாய்ந்துவிடும். பின்னால் வரும் நிலைப் பல் இடமின்றிக் கோணலாக முளைக்கும். சொத்தை ஆழமாகி வேரில் சீழ் கட்டினால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப் பல்லின் எனாமலும் பாதிக்கப்படலாம்.

சொத்தை எப்படி வருகிறது?

பால் பல்லின் எனாமல், நிலைப் பல்லின் எனாமலில் ஏறக்குறைய பாதிக் கனமே உள்ளது. அதனால் சொத்தை விரைவில் உள்ளே இறங்கிவிடும். வாயில் வாழும் ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்’ போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலிலுள்ள தாதுக்களைக் கரைக்கிறது. இந்தக் கிருமிகள் பெரும்பாலும் பெரியவர்களின் எச்சில் வழியாகவே குழந்தைக்குத் தொற்றுகின்றன. தாயோ பாட்டியோ ருசி பார்த்த கரண்டியாலேயே ஊட்டுவதும், மென்று கொடுப்பதும் இதற்கு வழி செய்யும். வீட்டிலுள்ள பெரியவர்கள் தங்கள் சொத்தைப் பற்களுக்குச் சிகிச்சை பெறுவது குழந்தையின் பல்லுக்கும் நல்லது.

எவ்வளவு சர்க்கரை என்பதைப் போலவே, எத்தனை முறை என்பதும் முக்கியம். இனிப்பு உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் வாயில் அமிலம் கூடி, அடங்க அரை மணி நேரமாவது ஆகும். நாள் முழுக்க ஒவ்வொரு பிஸ்கட்டாகக் கொறிக்கும் குழந்தையின் பற்களுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. சத்துமாவுப் பானங்கள், பாக்கெட் ஜூஸ், இனிப்பு மருந்து சிரப் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

இவற்றைவிட மோசமானது, சர்க்கரை கலந்த பாலைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவைப்பது. தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைந்துவிடுவதால், பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. பசித்தால் படுக்கும் முன்பே பாலைக் கொடுத்து, பல் தேய்த்துத் தூங்கவைக்க வேண்டும். அதன்பின் தேவைப்பட்டால் தண்ணீர் மட்டும் போதும். ஒரு வயதுக்குப் பிறகு புட்டியை விட்டு டம்ளருக்கு மாற்றிவிடலாம்.

தாய்ப்பாலை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் பல் முளைத்து மற்ற உணவுகளும் தொடங்கியபின், இரவெல்லாம் மார்பில் வாய் வைத்தபடியே தூங்கும் பழக்கம் சொத்தைக்கு இடம் தரலாம்.

தேய்க்கும் போராட்டம்

முதல் பல் தெரிந்த நாளிலிருந்தே காலையும் இரவும் மிருதுவான சின்ன பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். மூன்று வயதுவரை ஒரு அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவும் ஃபுளோரைடு பற்பசை போதும். இந்த அளவில், தெரியாமல் விழுங்கினாலும் பயமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் மட்டும், எந்தப் பற்பசை ஏற்றது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. கரி, சாம்பல், சொரசொரப்பான பல்பொடி ஆகியவை எனாமலைத் தேய்த்துவிடும்.

ஒன்றரை வயதுக்குமேல் குழந்தை வாயைத் திறக்க மறுப்பதும், பிரஷ்ஷைக் கடித்துக்கொள்வதும், ‘நானே’ என்று பிடுங்கிக்கொள்வதும் வீட்டுக்கு வீடு நடப்பவை. இதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு பெரியவர்கள் முழங்காலோடு முழங்கால் படும்படி எதிரெதிரே உட்கார்ந்து, குழந்தையின் தலை ஒருவர் மடியிலும் கால்கள் மற்றவர் மடியிலும் இருக்கும்படி படுக்கவைக்க வேண்டும். தலைப்பக்கம் இருப்பவர் மேலுதட்டை விரலால் தூக்கி, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றித் தேய்க்கலாம். முதலில் குழந்தையின் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து விளையாடவிட்டு, முடிவில் பெரியவர் ஒருமுறை தேய்த்துவிடுவதும் பலன் தரும். ஏழெட்டு வயதுவரை பெரியவரின் உதவி தேவை.

பல் முளைக்கும்போது எச்சில் வடிவதும், ஈறு நமைப்பதும், சிணுங்குவதும் இயல்பு. சுத்தமான விரலால் ஈறைத் தேய்த்துவிட்டாலோ, குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுத்தாலோ இதம் கிடைக்கும். கடும் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் ‘பல் முளைக்கிறது’ என்று விட்டுவிடக் கூடாது. ஈறை மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தடவவே கூடாது.

எப்போது மருத்துவரிடம்?

முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். அதோடு, மாதம் ஒருமுறை வீட்டிலேயே மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கலாம். ஈறையொட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுவே சொத்தையின் தொடக்கம். இந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு வார்னிஷ் பூசியும் உணவுப் பழக்கத்தை மாற்றியும் பல்லைத் தேற்றிவிடலாம். குழி விழுந்துவிட்டால், ‘சில்வர் டயமைன் ஃபுளோரைடு’ என்ற மருந்தைத் தடவிச் சொத்தை பரவாமல் நிறுத்தலாம். ஆனால் அந்த இடம் கறுத்துப்போகும். இன்னும் ஆழமானால் பல்லை அடைப்பது, வேர்ச் சிகிச்சை, தொப்பி போடுவது என்று செலவும் சிரமமும் ஏறும்.

நடை பழகும் வயதில் விழுந்து பல்லில் அடிபடுவதும் சகஜம். பால் பல் முழுதாகக் கழன்றுவிட்டால் அதைத் திரும்பச் செருகக் கூடாது. அடியிலுள்ள நிலைப் பல்லை அது காயப்படுத்திவிடும். சுத்தமான துணியை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தி, கழன்ற பல்லையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். துண்டு எதுவும் ஈறுக்குள் தங்கிவிட்டதா என்று அவர் பார்த்துச் சொல்வார்.