பாட்டு பலருடையது, வசவு ஒருவருக்கு

ஐயப்பன் பற்றிய ஒரு ராக் பாடல் ஆறு ஆண்டு கழித்துக் கிளப்பிய புயலில் சிக்கியவர், அதைப் பாடிய பெண்.

2024 நவம்பர். ஐயப்ப பக்தர்கள் மாலை போடும் கார்த்திகைப் பருவம். கானா பாடகி இசைவாணியின் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கத் தொடங்கியது. ஆபாச வசவுகள், மிரட்டல்கள். அவரைக் கைது செய்யக் கோரி இந்து அமைப்புகள் போலீசில் புகார் கொடுத்தன. குற்றம்: 'ஐ ஏம் சாரி ஐயப்பா' பாடல். விசித்திரம் என்னவென்றால், அந்தப் பாடல் மேடையேறியது 2018-ல்.

பாடலுக்குச் சொந்தக்காரர்கள் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 பேருடன் முதல் கச்சேரி. எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் ஒரு பக்கம்; பறையும் கானாவும் மறுபக்கம். ஆண்களின் கோட்டையான கானாவில் நுழைந்த வடசென்னைப் பெண் இசைவாணியை, பி.பி.சி. தனது 2020-ம் ஆண்டின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

அதே 2018-ன் செப்டம்பர் 28 அன்றுதான், 10 முதல் 50 வயது வரையிலான பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளம் கொந்தளித்தது.

கோயில் வாசல் தகராறு அந்த மண்ணுக்குப் புதிதல்ல. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லை ஊரான வெள்ளறடைக்கு மேற்கே, நெய்யாற்றின் கரையில் அருவிப்புரம் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கோயில் கதவு மூடியிருந்த காலத்தில், 1888-ல், ஈழவரான நாராயண குரு அங்கே சிவனைப் பிரதிஷ்டை செய்தார். சாதி ஆசாரத்துக்கு அது நேரடிச் சவால். வெள்ளறடையும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அடங்கிய திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வர 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பத்தெட்டு ஆண்டுகள்!

பாடல் பொதுவான கோயில் நுழைவு உரிமையைப் பேசுவது, குழுவின் படைப்பை ஒரு பெண்மீது மட்டும் சுமத்துகிறார்கள் என்று நீலம் மையம் விளக்கியது. 41 நாள் விரதம் இருக்கும் பக்தருக்குத் தன் சாமியைக் கிண்டல் செய்வதாகத் தோன்றினால் மனம் புண்படும் என்பதையும் மறுக்க முடியாது. அதைச் சொல்லப் பத்திரிகை இருக்கிறது, மேடை இருக்கிறது, நீதிமன்றமும் இருக்கிறது. நள்ளிரவு மிரட்டல் எந்த விரதத்தில் சேர்த்தி?

மதம் மாறினாலும் காட்சி மாறுவதில்லை. காஷ்மீரில் மூன்று பள்ளி மாணவிகள் தொடங்கிய 'பிரகாஷ்' ராக் குழு, 2012 டிசம்பரில் ஸ்ரீநகர் மேடையில் கைதட்டல் வாங்கியது. இணையத்தில் வசவுகள் குவிந்தன. பெண்கள் பாடுவது மார்க்கத்துக்கு விரோதம் என்றார் தலைமை முஃப்தி. முதலமைச்சர் ஒமர் அப்துல்லா ஆதரவாகப் பேசியும் பயனில்லை. 2013 பிப்ரவரியில் குழு கலைந்தது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் பாட்டைத் தடை செய்து அரசு உத்தரவு போடவில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை. பாடிய பெண்ணின் தொலைபேசி எண் தெரிந்தால் போதுமானதாக இருந்தது.